நேர் வண்டி கிடையாது

இந்த ஞாயிற்றுக்கிழமை எப்படியும் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவது என்று அவள் முடிவெடுத்தபோது கையில் குழந்தையின் ஈரத் துணி இருந்தது. பல்லில் துணி மாட்டும் கிளிப் இருந்தது. அதனால் முடிவை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. சொல்லாமல் இருந்ததே நல்லதாகப் போயிற்று.

அக்கா காலையில்தான் போன் பண்ணியிருந்தாள்.

“குட்டி, செவ்வாய்க்கிழமை பிளேன். மாமாவுக்கு வெளிநாட்டுல வேலை உறுதியாயிடுச்சு. இனி எப்ப திரும்பி வருவோம்னு எனக்கே தெரியாது. உன் பொண்ணை ஒரே ஒரு தடவை தூக்கிப் பாத்துட்டுப் போயிடறேன்டி. நானே வந்திருப்பேன். வீட்டைக் காலி பண்ணிட்டிருக்கேன், பெட்டிங்க நடுவுல நிக்கக்கூட இடமில்ல.”

“நாங்க வரோம்க்கா. ஞாயித்துக்கிழமை.”

“நிச்சயமாவா? போன தடவையும் இதையேதான் சொன்னே. போட்டோவுலயே பாத்துப் பாத்து அவ வளந்துட்டா.”

“நிச்சயமாக்கா.”

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று பட்டது. ஏனென்றால் கூட்டிப்போக வேண்டியவர் அவள் புருஷன்.

அவர் முடியாது என்று சொல்கிறவர் இல்லை. அதுதான் தொல்லையே. முடியாது என்று சொல்லும் புருஷனோடு சண்டை போடலாம், அழலாம், முகத்தைத் திருப்பிக்கொண்டு படுக்கலாம். எதைக் கேட்டாலும் “அதுக்கென்ன, போயிட்டா போச்சு” என்று சிரிக்கிறவரோடு என்ன சண்டை போடுவது? சண்டைக்கு ஒரு பிடி வேண்டாமா?

கூட்டிப் போகாமலும் இல்லை. துணியை உதறிக் கொடியில் போட்டபடியே அவள் நினைத்துப் பார்த்தாள். குழந்தை பிறந்த பிறகு நிறையத்தான் போனார்கள்.

முதலில் மிருகக்காட்சி சாலை. போய் இறங்கினால் பெரிய கேட்டில் பெரிய பூட்டு. வாரத்தில் ஒரு நாள் விடுமுறையாம், அன்றைக்குத்தான் அந்த நாளாம். “அடடே” என்றார் அவர். உள்ளே எங்கேயோ சிங்கம் ஒன்று கத்தியது. கேட்டுக்கு வெளியே நின்று அதைக் கேட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

அப்புறம் அணைக்கட்டு. உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தார்கள். கால் வைத்த இடமெல்லாம் கொதித்தது. திரும்பி வரும் பஸ் கண் முன்னாலேயே போயிற்று. அவர் கையைத் தட்டிக் கூப்பிட்டார். எவ்வளவு மெதுவாகத் தட்டினார் என்பது இப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

கடைசியாகப் பொருட்காட்சி. அதற்கு ஏறிய பஸ் பொருட்காட்சிக்கே போகவில்லை. செங்கல் சூளை ஒன்றைச் சுற்றிக்கொண்டு, ஏறிய இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டது. குழந்தை முகமெல்லாம் செம்மண். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. “இனிமே எங்கேயும் வேண்டாம்ங்க. என் ராசியே இப்படித்தான்” என்று அவளே சொன்னாள். “அப்படியெல்லாம் சொல்லாதம்மா” என்று அவர் தலையைத் தடவிக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விசில் அடித்துக்கொண்டு கேரம் ஆடப் போனார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனார்.

தன் ராசியைத்தான் அவள் இத்தனை நாளும் திட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அவருக்கு மத்தியானத்துக்கு மேல்தான் வேலை. பால்கனியில் சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். கீழே தெருவில் போன யாரோ அண்ணாந்து பார்த்துக் கேட்டார்கள்.

“டைம்கீப்பர் சார், மலையடிவாரம் போற வண்டி எப்போ?”

அவர் கண்ணைத் திறக்கவில்லை. குறட்டை மட்டும் நின்றது. “ஒண்ணே காலுக்கு. ரெண்டாம் மேடை. பின்னாடி சீட்டு வேண்டாம், தூக்கிப் போடும்” என்றார். குறட்டை மறுபடி தொடங்கியது.

அவள் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

அவர் பஸ் நிலையத்து டைம்கீப்பர். நிலையத்தின் நடுவில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று மைக்கில் சொல்கிறவர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் எந்த வண்டியும் நகரும். ஊரில் அவருக்குப் பெரிய டைம் என்று பெயர். அவர் கையால் ஒரு வண்டியும் ஒரு நிமிஷம் தாமதமாகக் கிளம்பியதில்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு கர்வம். மேலதிகாரியின் மாமியார் ஓடி வந்தபோதுகூட நிறுத்தவில்லை. அந்த அம்மாள் இன்றைக்கும் இவர் பெயரைச் சொல்லித்தான் மூச்சு வாங்குகிறாளாம்.

தூக்கத்திலும் பஸ் நேரம் சொல்கிற மனுஷன், பெண்டாட்டி பிள்ளையைத் தப்பான பஸ்ஸில் ஏற்றுவாரா? மிருகக்காட்சி சாலைக்குத் தனி வண்டி விடுகிறவரே அவர். அது என்றைக்கு மூடியிருக்கும் என்று தெரியாதா?

ஏதோ ஒரு தடவை தவறினால் ராசி. ஒவ்வொரு தடவையும் தவறினால் அதற்குப் பின்னால் ஒரு மூளை இருக்கிறது.

அவளுக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. இவ்வளவு பொறுமையாகத் திட்டம் போடுகிறவரிடமிருந்து இந்த ஞாயிற்றுக்கிழமையை எப்படிப் பிடுங்குவது? தனியாகப் போகலாம் என்றால் அவளுக்குத் தனியாகப் போய்ப் பழக்கமில்லை. கூட்டத்தில் யாரிடமாவது வழி கேட்பதற்குள் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வண்டியின் பெயர்ப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் வண்டி போய்விடும்.

சாயங்காலம் அவர் வேலையிலிருந்து திரும்பியதும் மெதுவாகத் தொடங்கினாள்.

“என்னங்க, அக்கா செவ்வாய்க்கிழமை கிளம்புறாங்களாம்.”

“அப்படியா? அய்யோ பாவம்.”

“ஞாயித்துக்கிழமை போய் பாத்துட்டு வந்துடலாமா?”

“அதுக்கென்ன, போயிட்டா போச்சு.” சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “ஆனா உங்க அக்கா இருக்கிற கடற்கரைக்கு ஞாயித்துக்கிழமை நேர் வண்டி கிடையாதேம்மா. ரெண்டு வண்டி மாறணும். நடுவுல வெட்டவெளி, நிழல்கூட இருக்காது. கைக்குழந்தை வேற. யோசிச்சுக்கோ. போகணும்னா கண்டிப்பா போகலாம். எனக்கு ஒண்ணும் இல்ல.”

“போகணும்ங்க.”

“போகலாம்ங்கிறேன்ல.” சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த சிரிப்பு.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேல் மாடிக்கு ஏறினாள். அங்கே தையலக்கா குடியிருந்தாள். நாலு தெருவுக்கும் துணி தைப்பவள் அவள்தான். எப்போதும் உதட்டில் ஊசிகளைக் கவ்விக்கொண்டுதான் பேசுவாள். அதனால் அவள் பேச்சே வேறு மாதிரி இருக்கும். அது இன்றைக்கு உதவும் போலிருந்தது.

“தையலக்கா, பஸ் நிலையத்துக்குப் போன் போட்டு ஒண்ணு கேக்கணும்.”

“அங்க எடுக்கிறதே உன் வீட்டுக்காரர்தானே. நீயே கேளேன்.”

“எனக்கு ஒரு பதில் சொல்லிட்டார்க்கா. மத்தவங்களுக்கு என்ன சொல்றார்னு பாக்கணும்.”

தையலக்கா மிஷினிலிருந்து காலை எடுத்தாள். அவளுக்கு மேற்கொண்டு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இன்னும் நாலு ஊசியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு எண்ணை அழுத்தினாள். எல்லோருக்கும் கேட்கும்படி போனை வெட்டிய துணிகளுக்கு நடுவில் வைத்தாள்.

“பஸ் நிலையம். சொல்லுங்கம்மா.” கணீரென்று வந்தது அவர் குரல். அப்பா குரலைக் கேட்டுக் குழந்தை ‘ங்கா’ என்றது. அவள் குழந்தையின் வாயைத் தன் தோளோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

“சார், ஞாயித்துக்கிழமை கடற்கரைக்குப் போகணும். கைக்குழந்தை இருக்கு. ரெண்டு வண்டி மாறணும்னு யாரோ சொன்னாங்க.”

“யாரு சொன்னது? வெவரம் தெரியாதவங்க பேச்சையெல்லாம் கேக்காதீங்கம்மா.” அவருக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. “ஒன்பதரைக்கு நேர் வண்டி இருக்கு. நாலாம் மேடை. இடது பக்கமா உட்காருங்க, வெயில் விழாது. டிரைவர் தங்கமான மனுஷன். குழந்தை அழுதா ஓரமா நிறுத்திக் குடுப்பார். பயமே வேண்டாம், சின்னப் பொண்ணுகூடத் தனியா போகலாம்.”

“ரொம்ப நன்றி சார். உங்க வீட்டுல இருக்கிறவங்க குடுத்து வச்சவங்க.”

“அதெல்லாம் கடமைம்மா” என்று வைத்தார்.

தையலக்கா ஊசிகளைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்துப் பார்த்தால் இவள் கண்ணில் தண்ணீர்.

“இதுக்கா அழுவாங்க? போய் நல்லா கேளு அவரை.”

“கேட்டா மறந்துட்டேன்னு சொல்வார்க்கா. அப்புறம் அந்த நேர் வண்டியும் ஏதாவது ஆகும். எனக்கு அவர்கிட்ட ஜெயிக்க வேண்டாம். அக்காவைப் பாத்தா போதும்.”

சனிக்கிழமை மாலை அவள் மறுபடியும் மாடியில் இருந்தபோது சின்ன டைமின் மனைவி, தைத்த திரைத்துணியை வாங்க வந்தாள். சின்ன டைம் என்பவர் அவள் புருஷனோடு அதே கூண்டில் முறை வைத்து வேலை பார்ப்பவர்.

“நாளைக்கு உங்க வீட்டுக்காரருக்குக் கேரம் ஃபைனலாமே அண்ணி. எங்க வீட்டுல மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டிருக்கார். மாத்து ஆளுன்னு பேருதான், ஒரு ஆட்டம்கூட உட்கார விடலயாம். ஃபைனல் அன்னைக்குப் பாத்து டியூட்டி வேற. அதுவும் போதாதுன்னு இவர் மைக்குல வேற கூப்பிடணுமாம்.”

“யாரைக் கூப்பிடணும்?”

“உங்க வீட்டுக்காரரைத்தான். நீங்க ரெண்டு பேரும் நிலையத்துக்குள்ள வந்ததும், உடனே ஆபீசுக்கு வரச் சொல்லி மைக்குல கூப்பிடணும்னு அவரேதான் சொல்லி வச்சிருக்காராம். எதுக்குன்னு கேட்டேன். எனக்கென்ன தெரியும்னுட்டார்.”

மிஷின் நின்றது. தையலக்கா இவளைப் பார்த்தாள். இவள் தரையைப் பார்த்தாள். அப்படியானால் இந்தத் தடவை தப்பான பஸ்கூடக் கிடையாது. நிலையத்து வாசலோடு சரி. அவசர வேலை வந்துவிட்டது, என்ன செய்ய, இன்னொரு நாள் பார்க்கலாம், நீ வீட்டுக்குப் போம்மா. அந்த இன்னொரு நாளில் அக்கா எந்த நாட்டில் இருப்பாளோ.

“உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு சொல்றீங்களா?” என்று அவள் எழுந்து போய்ச் சின்ன டைமின் மனைவியின் காதில் ஏதோ சொன்னாள். தையலக்கா கழுத்தை எவ்வளவு நீட்டியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் சவரம் செய்துகொண்டார். பிறகு மறுபடியும் சவரம் செய்துகொண்டார். செருப்பைக் காணோம் என்று தேடினார். செருப்பு காலில் இருந்தது. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். உள்ளே நெஞ்சு தையல் மிஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

“நேரமாயிடுச்சோ?” என்றார் அவர்.

“எனக்கென்னங்க தெரியும். நேரம் உங்களுக்குத்தானே தெரியும்.”

நிலையத்துக்குள் கால் வைத்ததும் தலைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. “நேரக்காப்பாளர் அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக அலுவலகத்துக்கு வரவும்.”

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். கொஞ்சம் முன்கூட்டியே அடித்துக்கொண்டார், ‘நேரக்காப்பாளர்’ என்று முடிவதற்குள்ளேயே. “பாத்தியா? லீவு நாள்லகூட நிம்மதியா விடறானுங்களா? இப்ப என்னம்மா பண்றது?”

“வேலைதாங்க முக்கியம். போய் என்னன்னு பாருங்க.”

அவருக்கே அது கொஞ்சம் இடித்தது. கண்ணைக் கசக்குவாள் என்று எதிர்பார்த்திருந்தார். “அப்ப நீ வீட்டுக்கு...”

“நீங்க போங்க. நான் இப்படி ஓரமா உட்காருறேன்.”

அவர் கூண்டைப் பார்த்து நடந்தார். அவர் முதுகு கூட்டத்தில் மறைந்ததும் அவள் திரும்பி நடந்தாள். முதலில் நடந்தாள், பிறகு ஓடினாள். குழந்தைக்கு அது பிடித்திருந்தது, சிரித்தது. நாலாம் மேடையில் நின்ற வண்டியின் பலகையை எழுத்துக்கூட்டினாள். ‘க’, ‘ட’, ‘ற்’. போதும். ஏறிவிட்டாள். இடது பக்கம் ஜன்னல் ஓரம் காலியாக இருந்தது. பக்கத்தில் வெறுங்கூடைகளோடு ஒரு மீன்காரம்மா.

ஜன்னல் வழியாகக் கண்ணாடிக் கூண்டு நன்றாகத் தெரிந்தது. உள்ளே பேசுவது கேட்கவில்லை. பார்க்க மட்டும் முடிந்தது. சின்ன டைம் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். அவள் புருஷனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைக்கை அவர் பக்கம் தள்ளினார், சாவியை அவர் கையில் திணித்தார், வெளியே வந்து ஸ்கூட்டரை உதைத்துப் பறந்துவிட்டார்.

அவள் காதோடு சொல்லி அனுப்பியது இவ்வளவுதான். ‘ஃபைனல்ல உங்களை ஆட வைக்கணும்னு அவருக்கு ஆசை. நேர்ல சொல்லக் கூச்சப்படறார். அதனாலதான் மைக்குல கூப்பிடச் சொல்லியிருக்கார். கூப்பிட்டதும் வந்து டியூட்டியை ஏத்துக்குவார்.’

பெரிய டைம் ஸ்கூட்டரின் பின்னால் நாலு எட்டு ஓடினார். நின்றார். அதற்குள் கூண்டின் ஜன்னலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். “சார், மலையடிவாரம் எப்போ?” “சார், ஆறாம் நம்பர் வந்தாச்சா?” அவர் சாவியைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார், அவள் உட்கார்ந்திருக்க வேண்டிய பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சு காலி.

கண்டக்டர் கையெழுத்துக்குச் சீட்டை எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். வண்டிக்குள் புழுக்கம். அவள் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் இந்த வண்டியைக் கை காட்டி ஏதோ சொன்னார். அவள் புருஷன் இந்தப் பக்கம் திரும்பினார். கண்ணாடியைத் தாண்டி இருவர் கண்களும் சந்தித்தன.

இவர் கையெழுத்துப் போடாவிட்டால் வண்டி நகராது. அவ்வளவுதான், முடிந்தது என்று அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

அவர் வந்துவிட்டார். பின்னாலேயே கண்டக்டர். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“இறங்கும்மா.”

“டிக்கெட் எடுத்துட்டேங்க.”

“தனியா போகாத. சொன்னா கேளு.”

“தனியா எங்கங்க. வண்டி நிறைய ஆளுங்க இருக்காங்களே.”

மீன்காரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “யாரும்மா இது? உன் வீட்டுக்காரரா? எதுக்கு இறங்கச் சொல்றார்?”

அவளுக்கு முகம் சூடானது. முன்பின் தெரியாதவர்களிடம் இவ்வளவு பேசியதே இல்லை. “ஞாயித்துக்கிழமை நேர் வண்டியே கிடையாதுன்னு சொன்னார்ங்க. அதான் இருக்கான்னு பாக்க வந்திருக்கார்.”

முன் சீட்டில் யாரோ சிரித்தார்கள். பின் சீட்டுக்கும் அது போயிற்று.

அவர் குரலைத் தாழ்த்தினார். “வழியில குழந்தை அழுதா என்ன பண்ணுவே?”

“டிரைவர் தங்கமான மனுஷராம். அழுதா ஓரமா நிறுத்திக் குடுப்பாராம்.”

டிரைவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு வெட்கப்பட்டார்.

“யாரு சொன்னது உனக்கு?”

“நீங்கதாங்க. வெவரம் தெரியாதவங்க பேச்சைக் கேக்காதீங்கம்மான்னு போன்ல சொன்னீங்களே, அப்பவே சொன்னீங்க.”

அவர் கம்பியை விட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. தூங்கும்போது இருப்பதுபோலவே இருந்தது முகம்.

“சார், இன்னும் அரை நிமிஷம்தான் இருக்கு” என்று கண்டக்டர் சீட்டை நீட்டினார். “உங்க கையால ஒரு வண்டியும் தாமதமானதில்ல. இன்னைக்கு ஆகட்டுமா?”

வண்டியிலிருந்த அத்தனை பேரும் அவர் கையையே பார்த்தார்கள். அவள் மட்டும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். பேனா மூடி கழன்ற சத்தம் கேட்டது. பஸ்ஸின் பக்கத் தகரத்தில் சீட்டை வைத்துக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து வழக்கம்போல அழகாகவே விழுந்தது.

இன்ஜின் உறுமியது. அவளுக்கு அப்போதுதான் அவர்மேல் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. ஏதாவது நல்லதாகக் கேட்போம் என்று நினைத்து, “திரும்பி வர எந்த வண்டிங்க வசதி?” என்றாள்.

அவரிடம் பஸ் கேள்வி கேட்டால் பதில் தானாக வரும். யோசனை பிறகுதான் வரும்.

“சாயங்காலம் ஒண்ணு இருக்கு, ஆனா நிக்க இடமிருக்காது. நாளைக்குக் காலைல முதல் வண்டி காலியா வரும். குழந்தையைப் படுக்கப் போட்டுட்டே வரலாம்.” சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

“அப்ப நாளைக்கே வரேங்க” என்றாள் அவள்.

வண்டி நகர்ந்தது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நாலாம் மேடையில் நின்றார். மீன்காரம்மா தலையை வெளியே நீட்டி அவரை நன்றாகப் பார்த்துவிட்டு, கூடைகளை நகர்த்திக் குழந்தைக்கு இடம் விட்டாள்.

“குடுத்து வச்சவம்மா நீ. எங்க ஆளு ஒரு நாளாவது என்னை பஸ் ஏத்திவிட வந்திருப்பாரா?”